ஒரே தடவை கேட்கிற பேப்பர்

“உனக்கு வேற வேல வெட்டியே கெடயாதாடி? வாரத்துல ஒரு நாள் லீவு. தலைக்கு எண்ண வச்சிக் குளிச்சிட்டுத் தூங்குறத வுட்டுட்டு, ஒரகடத்துலேர்ந்து ஷேர் ஆட்டோ புடிச்சி வந்து, ‘டெஸ்ட் ரூமுல இன்னா நடந்துது’ன்னு கேக்குற. தெரிஞ்சிகினு இன்னா பண்ணப்போற? ஊறுகா போடப்போறியா?”

திவ்யாவை நான் இப்படித்தான் வரவேற்றேன். நான் வேலை பார்த்த கம்பெனியில், ஆள் எடுக்கும் ஆபீசில் இப்போது அவள் இருக்கிறாள். திட்டினால் சிரிக்கிற பெண். சிரித்துக்கொண்டே போனை என் முன்னால் நீட்டினாள். ஏதோ பழைய காகிதத்தைப் படம் பிடித்து வைத்திருந்தாள்.

“பாட்டி, இனிமே டெஸ்ட் எல்லாம் போன்லயே. பழைய பேப்பர் கட்டெல்லாம் கிழிச்சிப் போடச் சொல்லிட்டாங்க. அதுல ஒரு பேப்பரோட மட்டும் மூணு பக்கம் கையால எழுதிப் பின் அடிச்சி வச்சிருக்கு. கீழ வரதராஜன் சார் கையெழுத்து. நடுவுல உங்க பேரு. அதான் கேக்க வந்தேன்.”

“போன் எத்தினி தடவ கேக்கும்?”

“எதை?”

“கேள்வியத்தான்.”

“ஒரு தடவதான் பாட்டி.”

“அப்ப உக்காரு. எழுதிக்கோ. நான் வூடுன்னு சொன்னா நீ வீடுன்னு எழுதிக்கோ. நான் அஞ்சாவதோட நின்னவ, நீ படிச்சவ. ரெண்டு பேர் மானமும் இதுல கீது.”

அவள் எழுதியது இதுதான்.

என் பெயர் பச்சையம்மாள். ஊர் வல்லம் வடகால். நான் நாற்று நட்ட வயலில்தான் கம்பெனியின் கேன்டீன் நிற்கிறது. அதில் எனக்கு வருத்தம் உண்டா என்று ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து கேட்டார். கேன்டீனில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிடலாம், வயலில் முடியாது என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

முதலில் துடைப்பக் கட்டை வேலை. எந்தத் தரைக்கு எந்த மாப்பு என்று ஒரு நாள் சொல்லிக்கொடுத்தார்கள். கம்பெனியில் என் படிப்பு அவ்வளவுதான். மூன்றாம் வருஷம் டெஸ்ட் ரூமுக்கு ஓர் ஆயா வேண்டும் என்றார்கள். எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும், இருபது பெண்களைப் பார்வையாலேயே அடக்கத் தெரிய வேண்டும். எனக்கு மூன்று மருமகள்கள். உடனே எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் கம்பெனியில் காருக்குள் ஓடும் ஒயரைக் கட்டுக் கட்டாகச் செய்வார்கள். லைனில் முக்கால்வாசி பெண்கள், அதில் முக்கால்வாசி கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் முடியும்போது சிலரை பர்மனன்ட் ஆக்குவார்கள். அதற்குக் கை டெஸ்ட் ஒன்று, குணம் பார்க்கிற பேப்பர் ஒன்று. கை டெஸ்டில் கலர் ஒயரை ஓட்டையில் சொருக வேண்டும். அதில் எங்கள் பெண்கள் யாரும் தோற்றதில்லை. தோற்றதெல்லாம் குணத்தில்தான்.

அந்தப் பேப்பரில் எழுபது வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஐந்து வட்டம். சுத்தமாக இல்லை என்பதில் தொடங்கி, ரொம்பவே ஆமாம் என்பது வரை. ஒன்றைப் பென்சிலால் நிரப்ப வேண்டும். ‘இதில் சரி தவறு எதுவுமில்லை’ என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கும். ஆனாலும் பெயிலாகலாம். அப்படிப்பட்ட பரீட்சையை நான் என் கல்யாணத்துக்கு அப்புறம் அங்கேதான் பார்த்தேன்.

ரூமுக்கு அதிகாரி வரதராஜன் சார். ஒல்லியான உருவம், அரைக்கை வெள்ளைச் சட்டை. எட்டு நாற்பதுக்கு வருவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி முகம் மேலே தெரிய மேசையில் வைப்பார். இருபது பென்சிலையும் அவரே சீவுவார். என்னிடம் கொடுக்க மாட்டார். முனையெல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்குவார். நாற்காலிக்கு நாற்காலி தன் கையை நீட்டி இடைவெளி பார்ப்பார். விளக்கத் தாள் அவருக்கு மனப்பாடம். இருந்தாலும் விரலை வரிக்கு அடியில் ஓட்டித்தான் படிப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கைக்குட்டையை எடுத்துக் கடிகாரக் கண்ணாடியைத் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். என்னை நீங்க வாங்க என்று கூப்பிட்டவர் அந்தக் கம்பெனியில் அவர் ஒருவர்தான். என் வீட்டுக்காரரே கூப்பிட்டதில்லை.

தினமும் காலையில், “டீ சார்?” என்பேன். “வேண்டாம்மா” என்பார். மேசை ஓரத்தில் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விடுவேன். பத்து மணிக்கு வந்து காலி டம்ளரை எடுத்துக்கொள்வேன். அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

எனக்கு அவர் கொடுத்த சட்டம் ஒன்றே ஒன்று. எந்தப் பெண் எந்தக் கேள்விக்கு அர்த்தம் கேட்டாலும், “உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைப் போடுங்க” என்று மட்டும் சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல்கூடக் கூடாது. நான் அதை நன்றாகப் பிடித்துக்கொண்டேன். குழம்பில் உப்பு போட்டாயா என்று வீட்டுக்காரர் கேட்டபோது அதையே சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது.

சுவர் ஓரமாக நின்று பார்த்தே எனக்குச் சில விஷயம் பிடிபட்டது. பேப்பருக்கு அரை மணி நேரம் தாராளம். ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் முடித்த பிறகும் எழுந்திருக்க மாட்டார்கள். ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்ப்பார்கள். முதலில் எழுந்தால் திமிர் பிடித்தவள் என்று பெயர். கடைசிப் பெண் பென்சிலை வைத்ததும் எல்லோரும் ஒன்றாக எழுந்து நிற்பார்கள். அவர்கள் தாளில் வட்டமெல்லாம் நடுவில் விழுந்திருக்கும். இல்லையென்றால் வரிசையாக ஆமாம், ஆமாம் என்று இறங்கியிருக்கும். ஆபீஸ் காகிதத்துக்கு எப்படி ‘இல்லை’ என்று எழுதுவது? தாம்பரம், குரோம்பேட்டைப் பெண்கள் இருபது நிமிஷத்தில் எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு போவார்கள். அவர்கள் தாளில் வட்டம் இங்கும் அங்குமாகத் தெறித்துக் கிடக்கும். கொஞ்ச நாளில், தாளைத் தூரத்திலிருந்து பார்த்தாலே அந்தப் பெண் எந்த பஸ்ஸில் வந்தவள் என்று என்னால் சொல்ல முடிந்தது.

மேசையில் இரண்டு தட்டு இருக்கும். நல்ல பேப்பருக்குப் பச்சைத் தட்டு, ஆகாததற்குச் சிவப்பு. சிவப்புக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். எழுபதில் பத்து வரி, பொய் சொல்கிறவரைப் பிடிக்க வைத்த வரிகள். ‘நான் பெரியவர்களை ஒருமுறைகூட எதிர்த்துப் பேசியதில்லை.’ ‘எனக்கு யார் மீதும் கோபம் வந்ததே இல்லை.’ இப்படிப் பத்து.

“இந்தப் பத்துக்கும் ஆமாம்னு யாராலயும் நெஜமாச் சொல்ல முடியாதும்மா,” என்று சார் ஒரு நாள் விளக்கினார். “சொன்னா, நல்ல பேர் வாங்கறதுக்காகச் சொல்ற பொய்.”

“யாரு சார் அப்டி சொன்னது?”

“இந்தப் பேப்பரைத் தயார் பண்ணவங்க.”

“அவுங்க எந்த ஊரு?”

ஏதோ வெளிநாட்டின் பெயரைச் சொன்னார்.

“அங்க ஆத்தாவ எதுத்துப் பேசுவாங்களா?”

சார் யோசித்தார். “பேசுவாங்க போல,” என்றார்.

இனி அஞ்சலை. மணிமங்கலத்துப் பெண். மூன்று வருஷமாக லைனில் இருந்தாள். குள்ளம், பேச்சே வராது, கை மட்டும் ஓடும். அப்பா இல்லை, அம்மாவுக்குப் பார்வை மங்கல். அவள் வேலையை நம்பித்தான் வீடு. அந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமையோடு கான்ட்ராக்ட் முடிகிறது. பர்மனன்ட் ஆகாவிட்டால் அன்றைக்கே ஹாஸ்டல் கட்டிலையும் காலி செய்ய வேண்டும்.

பேப்பர் எழுதினாள். பொய் வரி பத்தில் ஒன்பதுக்கு ரொம்பவே ஆமாம். சிவப்புத் தட்டு.

லைன் சூப்பர்வைசர் தனசேகர் மூச்சிரைக்க ஓடிவந்தார். “சார், அந்தப் பொண்ணு இல்லன்னா என் லைன் நின்னுடும் சார்.”

“பேப்பர் என்ன சொல்லுதோ அதைத்தான் நான் சொல்ல முடியும்,” என்றார் சார். “ஒரு தடவை மறுபடி எழுதலாம். விதியில இருக்கு. ஒரே ஒரு தடவை.”

இங்கேதான் நான் தப்பு செய்தேன். சாப்பாட்டு நேரத்தில் கை கழுவும் தொட்டிக்குப் பின்னால் அஞ்சலை சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

“பச்சக்கா, நான் பொய்யே சொல்லலியே. என்னப் போயி பொய்க்காரின்னு எழுதிட்டாங்களே.”

“அழாதடி. தட்டுல உப்பு ஜாஸ்தியாவுது. உன் ரூமுல நித்யான்னு ஒர்த்தி கீறாளே, தாம்பரத்துக்காரி. அவ பாஸ் ஆனாளா இல்லியா?”

“ஆனா.”

“அப்ப நீ அஞ்சலைய மணிமங்கலத்துலயே வுட்டுட்டு வா. உள்ள நித்யா போவட்டும்.”

வரிகள் எனக்குக் கேட்டுக் கேட்டுப் பாதி மனப்பாடம். ஒவ்வொன்றாகச் சொல்லி, “நித்யா இன்னா போடுவா?” என்று கேட்டேன். அழுதுகொண்டிருந்த பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முடியை ஒரு சிலுப்பு சிலுப்பி, நித்யா குரலிலேயே பதில் சொன்னாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவளுக்குள் இவ்வளவு இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அந்த வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் இருக்கும்போது இரண்டாம் தடவை எழுதினாள்.

மறுநாள் காலை சார் என்னைக் கூப்பிட்டார். மேசையில் மூன்று தாள். அஞ்சலையுடையது இரண்டு, நித்யாவுடையது ஒன்று.

“இந்த ரெண்டையும் ஒரே ஆள் எழுதியிருக்க முடியாதும்மா. முதல் தாள்ல ஈ எறும்புக்குக்கூடக் கோபப்படாதவ. ரெண்டாவதுல பெரியவங்களை எதிர்க்கிறா, சண்டை போடறா, கேக்காம அடுத்தவங்க பொருளை எடுக்கறா. பொய் மார்க் பூஜ்யம். ஆனா இப்படி ஒருத்தியை லைன்ல வச்சா லைனே பத்திக்கும். ஒரே ரூம்காரியைப் பார்த்து எழுதினாளோன்னு நித்யா தாளையும் எடுத்துப் பார்த்தேன், அதுலகூட இதுல பாதி இல்லை.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அஞ்சலை எழுதியது நித்யாவை அல்ல. மணிமங்கலத்தில் நின்று பார்த்தால் தாம்பரத்துப் பெண் எப்படித் தெரிவாளோ, அந்த நித்யாவை எழுதியிருக்கிறாள்.

“யாராவது சொல்லிக்கொடுத்தாங்களா?” என்றார் சார்.

“நாந்தான் சார்.”

கைக்குட்டையை எடுத்தார். கடிகாரத்தைத் துடைத்தார், துடைத்தார், அதில் பூதம் வரும் வரைக்கும் துடைப்பார் போலிருந்தது.

“உங்களை நான் அனுப்ப வேண்டியிருக்கும். அந்தப் பெண்ணோட பேப்பர் ரத்து. மூணாவது வாய்ப்பு கிடையாது.”

பக்கத்து ஹாலில் பெண்கள் பதினெட்டுப் பேர் அன்றைய டெஸ்டுக்காக உட்கார்ந்திருந்தார்கள். நான் டீ கேனைத் தூக்கினேன்.

“சார், அஞ்சி நிமிஷம் இங்க நின்னு பாருங்க. அப்பறம் என்ன அனுப்பிடுங்க.”

அவர் வாசலில் நின்றார். நான் முதல் நாற்காலியிலிருந்து ஆரம்பித்தேன்.

“டீ வேணுமாம்மா?”

“வேணாங்க்கா.”

“உனக்கு?”

“ஐயோ, வேணாங்க்கா. இப்பதான் குட்ச்சேன்.”

தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, “எனக்கு ஒண்ணும் வேண்டாம்க்கா, நீங்க மத்தவங்களப் பாருங்க” என்று எழுந்தே நின்றுவிட்டாள். பதினாறு பேர் வேண்டாம் என்றார்கள். இரண்டு பேர்தான் ‘குடுங்க’ என்றார்கள். அந்த இரண்டு பேரும் தாம்பரம் பஸ். நான் பதினெட்டு டம்ளரிலும் ஊற்றி ஒவ்வொருத்தர் எதிரிலும் வைத்தேன். பதினெட்டு டம்ளரும் காலியாகத் திரும்பி வந்தன. சார் எண்ணிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது.

“சார், அந்தப் பதினாறு பேரும் பொய்க்காரிங்களா?”

அவர் காலி டம்ளர்களைத் திரும்பவும் எண்ணினார்.

“எங்க பக்கம் மூணு தடவ கேக்கணும் சார். மொத தடவ வேணாம்னா அது மரியாத. ரெண்டாவது தடவ வேணாம்னா, நீ நெசமாத்தான் கேக்குறியா, இல்ல பேச்சுக்குக் கேக்குறியான்னு பாக்குறது. மூணாவது தடவ சொல்றதுதான் பதிலு. உங்க பேப்பரு ஒரே தடவ கேட்டுட்டு எழுந்து பூடுது. அதுங்க மரியாதிய மட்டும் பொறுக்கிகினு வந்து நீங்க மார்க்கு போடுறீங்க.”

“அது கேள்வித்தாள்மா. விருந்து இல்லை.”

“அப்ப உங்க மேசைல கீற டம்ளரு சார்?”

சார் திரும்பிப் பார்த்தார். எட்டே முக்காலுக்கு அவர் வேண்டாம் என்று சொன்ன டீயின் டம்ளர். அடியில் சொட்டு இல்லை. கைக்குட்டையைக் கையில் எடுத்தவர், கடிகாரத்தைத் துடைக்காமல் வாயைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் அஞ்சலையைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார். தாள் இல்லை, பென்சில் இல்லை. என்னை வாசலில் நிற்கச் சொன்னார். நான் காதை மட்டும் உள்ளே அனுப்பினேன்.

“பெரியவங்களை நீங்க எதிர்த்துப் பேசினதே இல்லையா?”

“இல்ல சார்.”

“ஒரு தடவைகூட?”

“இல்ல சார்.”

சார் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். மூன்றாம் தடவை வேறு மாதிரி கேட்டார். “சரி. ஒரு பெரியவர் தப்பா ஒண்ணு செய்யச் சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? அப்படி நடந்திருக்கா?”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு அஞ்சலை மெதுவாகச் சொன்னாள்.

“போன தீபாவளிக்கு முன்ன சார், சூப்பர்வைசர் சார் பச்ச ஒயரு வர எடத்துல நீலம் போடச் சொன்னாரு. டிராயிங்ல பச்சதான் கீது. நான் ஒண்ணும் பேசல சார். மெஷின ஆப் பண்ணிட்டேன்.”

“ஆப் பண்ணிட்டீங்களா?”

“ஆமா சார். அவரு கத்துனாரு. நான் தல குனிஞ்சி நின்னுகினேன். மெஷின மட்டும் போடல. அப்பறம் அவரே போயி டிராயிங்கப் பாத்துட்டு வந்தாரு.”

“வேற யாரும் நிறுத்தலையா?”

“நான் நிறுத்துனதும் எங்க வரிசைல எல்லாரும் நிறுத்திட்டாங்க சார். நான் யாரையும் ஒண்ணும் சொல்லல.”

சார் தனசேகரைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் பின் மண்டையைச் சொறிந்தார். “நெஜம்தான் சார். அன்னிக்கு அவ நிறுத்தலன்னா ஒரு லாட்டே வீணாப் போயிருக்கும். அவளும் வெளிய சொல்லல. நானும் சொல்லல.”

பேசவே பேசாமல் ஒரு லைனை நிறுத்தியவள், எதிர்த்துப் பேசியதில்லை என்று எழுதினால் அதில் பொய் எங்கே இருக்கிறது? இதை நான் கேட்கவில்லை. சார் முகத்தைப் பார்த்தேன், அவரே கேட்டுக்கொண்டிருந்தார்.

பேப்பரை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. அதனால் மூன்று பக்கம் கையால் எழுதி, முதல் தாளோடு குத்தி மேலே அனுப்பினார். புதன் போயிற்று, வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் அஞ்சலை பெட்டியைக் கட்டி செக்யூரிட்டி ரூமில் வைத்துவிட்டாள். மூன்று மணிக்குக் கடிதம் வந்தது. பர்மனன்ட். அதைக் கொண்டுவந்த ஆபீஸ் பையனே என்னிடமும் ஒரு கடிதம் கொடுத்தான். டெஸ்ட் ரூம் விஷயத்தை வெளியே சொன்னதற்கு மெமோ, இரண்டு மாசம் மறுபடி மாப்பு.

“விதி விதிதாம்மா,” என்றார் சார்.

“ஆமா சார். நான் பண்ணது தப்புதான்,” என்றேன். இரண்டு பேருமே நிஜமாகத்தான் சொன்னோம்.

இரண்டு மாசம் கழித்து அவரே என்னைத் திரும்பக் கேட்டு வாங்கினார். அதற்குள் சிவப்புத் தட்டில் விழுகிற பெண்களை எதிரில் உட்கார வைத்து வாயால் கேட்கிற பழக்கம் வந்திருந்தது. மூன்று தடவை. எல்லோரும் பாஸ் ஆனார்கள் என்று நினைக்காதே. மூன்றாம் தடவையில் நிஜமாகவே பொய்க்காரிகள் சிலரும் அகப்பட்டார்கள். முதல் நாள் காலையில், “டீ சார்?” என்றேன். “வேண்டாம்மா” என்று சொல்லிக்கொண்டே டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டார்.

நான்கு வருஷம் கழித்து அஞ்சலை லைன் லீடர் வேலைக்கு அதே பேப்பரை எழுதினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இருபது நிமிஷத்தில் எழுந்தாள். பொய் வரி பத்தில் ஒன்றுக்குத்தான் ஆமாம். பச்சைத் தட்டு. “பாத்தீங்களாம்மா, குணமே மாறிடுச்சு,” என்றார் சார். அன்றைக்கு அவளிடம் டீ வேணுமா என்றேன். “குடுங்க்கா, சக்கர கம்மியா” என்றாள். அந்த வாரமே மணிமங்கலத்தில் அவளுக்கு நிச்சயம். நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் அவளையும் காபி குடிக்கச் சொன்னபோது இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தடவைதான் வாங்கிக்கொண்டாள். ஹாஸ்டல் அவளுக்கு ஒரு குணத்தைக் கொடுத்தது, ஆனால் பழையதை எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் ஏறும்போது ஒன்றை மடித்து வைத்து இன்னொன்றை எடுத்து உடுத்திக்கொள்கிறாள். பேப்பர் அன்றைக்கு எதை உடுத்தியிருந்தாளோ அதைப் பார்த்தது.

இவ்வளவையும் எழுதி முடித்து திவ்யா கையை உதறினாள். அந்த மூன்று பக்கமும் இங்கிலீஷ். இத்தனை வருஷமாக அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. என் பெயர் வருகிற இடத்தைத் தமிழில் சொல்லச் சொன்னேன். போனைப் பெரிதாக்கிப் படித்தாள்.

“‘ஆயா பச்சையம்மாள் விதியை மீறினார். டீ விஷயத்தில் அவர் சொன்னது சரி.’ அவ்ளோதான் பாட்டி.”

அவ்வளவு போதும். சார் வளவளவென்று எழுதுகிறவர் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மெமோவை இடுப்பில் சொருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எனக்கு முன்னாலேயே அஞ்சலை வந்து ஒரு பெட்டி மைசூர்பாகு வைத்துவிட்டுப் போயிருந்தாள். பெட்டியைப் பிரிப்பதற்குள் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவும் எதிர் வீட்டு மேரியும் வந்துவிட்டார்கள்.

“இன்னா பச்ச, அந்தப் பொண்ணுக்கு வேல நெலச்சிடுச்சாமே? உனக்கு மெமோவாமே?” என்றாள் கன்னியம்மா.

“ஆமா. ரெண்டும் ஒரே பையன் கையிலதான் வந்துது.”

“அவளுக்காக நீ இன்னாதான் பண்ண?”

“டீ ஊத்துனேன்.”

“அந்தப் பேப்பர்ல அப்டி இன்னாதான் கேக்குறாங்க?” என்றாள் மேரி.

“சொல்லிப் புரியாது. காட்டுறேன்,” என்று பெட்டியைத் திறந்து நீட்டினேன். நெய் வாசனை தெருவுக்கே போயிற்று. “எடுத்துக்கங்க.”

“ஐயோ, வேணாம் பச்ச,” என்றாள் கன்னியம்மா.

“எனக்கும் வேணாம்க்கா, இப்பதான் டீ குட்ச்சேன்,” என்றாள் மேரி.

இரண்டு பேர் கண்ணும் பெட்டியை விட்டு நகரவில்லை. நான் மூடியைப் போட்டு, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன்.

“அவ்ளோதான் டெஸ்ட்டு. உங்களுக்கு எது சரின்னு பட்டுதோ அதப் போட்டுட்டீங்க. போயிட்டு வாங்க.”